வாத்துக்குப் புது ஸ்கிரீன் எதற்கு?

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் அக்காவும் நலம் என்றே நினைக்கிறேன், அவளாக வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும். நம் இருவருக்கும் பாதிப் பாதி சொந்தமான விமானமும் அதன் வயதுக்கு நலமே. தாங்களும் குடும்பத்தாரும் அவ்வாறே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விமானத்துக்குப் புதுக் கருவிகள் வைக்கலாமா வேண்டாமா என்று போனில் கேட்டதற்கு, "உங்க இஷ்டம் அத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அது ஒரு பதிலா? என் இஷ்டம் என்னவென்று எனக்கே தெரியாமல்தானே தங்களைக் கேட்டேன்.

நம் வாத்துக்கு (தரையில் அது நடக்கிற அழகைப் பார்த்துத் தாங்கள் வைத்த பெயர்தான்) என் கல்யாணத்தைவிட வயது அதிகம். முன்னால் இருக்கிற வட்ட டயல்கள் எல்லாம் அது பிறந்தபோது வைத்தவை. வேகம் காட்டும் முள் நடுங்குகிறது. திசை காட்டும் டயல் கொஞ்சம் அசந்தால் வேறு ஊருக்குக் கூப்பிடுகிறது. ரேடியோவில் பேச வேண்டுமென்றால் மைக் ஒயரை இடது பக்கமாக முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது உயர மீட்டர். மேலே ஏறும்போது முள் எங்காவது சிக்கி நின்றுவிடும். அதைத் தட்டுவது உங்க அக்காவோட வேலை. வலது சீட்டில் உட்கார்ந்து, நேரம் பார்த்து, நடுவிரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு டொக். முள் சமர்த்தாக நகர்ந்துவிடும். நான் தட்டினால் நகராது. எனக்கும் அதுக்கும் ஆகாது.

நம்ம மெக்கானிக் தலையாட்டி இருக்கானே, எதைக் கேட்டாலும் இல்லைன்னு தலையை ஆட்டறவன், அவன் போன மாசம் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துட்டு வழக்கத்தைவிட அதிகமா ஆட்டினான். "சார், இதுக்கெல்லாம் எங்கேயும் பார்ட்டே கிடைக்காது. மொத்தத்தையும் கழட்டிட்டு ஒரே ஸ்கிரீனா வெச்சுடுங்க"ன்னான். நானும் சந்தோஷமா வீட்டுக்கு ஓடிவந்து, "இனிமே நீ தட்டவே வேண்டாம், சும்மா வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தா போதும்"னு உங்க அக்காகிட்ட சொன்னேன். நல்ல சேதின்னு நினைச்சுதான் சொன்னேன், சத்தியமா. துணி மடிச்சுக்கிட்டே "ஓ"ன்னா. அந்த "ஓ" உனக்குத் தெரியும், நீ அவ கூடப் பிறந்தவன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மேல போனோம். கன்ட்ரோல் டவர்ல இருக்கறவன் எங்க உயரம் என்னன்னு ரேடியோவுல கேட்கிறான். முள் தரையில எங்க நின்னுச்சோ அங்கேயே நிக்குது. அவளைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கிட்டு மேகத்தைப் பார்க்கிறா. வேடிக்கை பார்க்கிறாளாம்! நானே தட்டினேன், அசையலை. பலமா தட்டினேன், பக்கத்து டயலோட குமிழ் கழண்டு பெடலுக்கு அடியில உருண்டு போச்சு. பதட்டத்துல மீட்டர்ல இருந்ததை அப்படியே படிச்சுட்டேன். "சார், உங்க கணக்குப்படி நீங்க இன்னும் ஓடுபாதையில நிக்கிறீங்க. எனக்கு ஜன்னல்ல வேற மாதிரி தெரியுதே"ங்கறான் அவன். பதில் சொல்றதுக்குள்ள ஒயர் கைநழுவி ரேடியோ செத்துப் போச்சு. அப்பத்தான் மகாராணி கையை எடுத்து ஒரு டொக். முள் ஓடிச்சு. "இதுதான் கடைசி"ன்னா. இறங்கினதும் ஹெட்செட்டைக் கழட்டி என் மடியில வெச்சுட்டு, "இனிமே அந்த ஸ்கிரீனையே கூட்டிக்கிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு காருக்குப் போயிட்டா.

அன்னையிலேருந்து தினமும் சாயங்காலம் எங்கேயோ போறா. கேட்டா "வேலை இருக்கு". ஏதோ அட்டை போட்ட தடிப் புத்தகத்தைக் கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்கிறா. திடீர்னு வெளிய வந்து, "காத்து பக்கவாட்டுல அடிச்சா றெக்கையை எந்தப் பக்கம் சாய்க்கணும்?"னு கேட்கிறா. "காத்து வர்ற பக்கம்"னேன். "போன தடவை நீங்க அப்படிச் செய்யலையே"ங்கறா. குத்திக்காட்டணும்னே கேட்கிறா, வேறென்ன? இதுல அந்தத் தலையாட்டி வேற! கடைத்தெருவுல அவளைப் பார்த்து ஆமாம் ஆமாம்னு ஆட்டிக்கிட்டு நிக்கிறான். அவன் தலை மேலயும் கீழயும்கூட ஆடும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

எனக்கு இருப்புக் கொள்ளலை. பல் தேய்க்கும்போது வெச்சுடலாம்னு தோணுது, குளிச்சு முடிக்கறதுக்குள்ள வேண்டாம்னு ஆயிடுது. நேத்து ஸ்கிரீன் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, சாப்பாட்டு மேஜையில நிறுத்தி, எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாய் இன்ஜின் மாதிரி உறுமிக்கிட்டிருந்ததை நான் கவனிக்கலை. தண்ணி மோட்டார் பத்திப் பேச வந்த மாடி வீட்டுக்காரர் வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டு, "அப்புறமா வரேன்"னு போயிட்டார். போகட்டும். மழை எங்கே, மலை எங்கே, எவன் எதிர்ல வரான், எல்லாம் அந்த ஸ்கிரீன்ல பளிச்சுனு தெரியுமாம். ரொம்ப சரி. ஆனா பக்கத்து நாற்காலி காலியா இருந்துச்சு. அதைப் பார்த்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு மச்சான். அவ பக்கத்துல இல்லாம மேல போக எனக்குப் பிடிக்கலை. பயமாயிருக்குன்னே எழுதிடறேன், உனக்குத்தானே எழுதறேன்.

அதனால முடிவு பண்ணியாச்சு. ஸ்கிரீனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீ உடனே அவளுக்குப் போன் பண்ணி, "பழைய டயலை எவனும் தொடக் கூடாது, அக்கா தட்டினாத்தான் எனக்கு நிம்மதி"ன்னு கறாரா சொல்லு. நானே சொன்னா கெஞ்சற மாதிரி இருக்கும்.

தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் ஏறுகிற வண்டிகளில் எல்லா முள்ளும் தானாகவே நகரட்டும்.

இப்படிக்கு,
ஒரு நிலையில் நிற்காத தங்கள் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கத் தங்கள் அக்காவிடமே கொடுத்திருக்கிறேன். கவரை நன்றாக ஒட்டிவிட்டேன், கவலை வேண்டாம்.

இன்னொரு பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். ஆவியில காட்டினா எந்தக் கவரும் பிரியும். போன்ல நீ சொன்ன "உங்க இஷ்ட"த்தை நான் பக்கத்துல நின்னு கேட்டு, அன்னைக்கே சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். தலையாட்டிகிட்ட சொல்லி டயலையெல்லாம் முந்தாநாளே கழட்டியாச்சு, ஸ்கிரீன் மாட்டிக்கிட்டிருக்கான். இவர் அட்டையில ஓட்டிக்கிட்டிருக்கறதால ஷெட்டுப் பக்கமே போகலை. வேடிக்கை பார்க்கச் சொன்னார் பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன். நான் சாயங்காலம் போறது விமானம் ஓட்டக் கத்துக்க. லைசென்ஸ் கைக்கு வந்ததும் இடது சீட்டு எனக்கு, வலது சீட்டு அவருக்கு. பயமாயிருக்குன்னு எழுதியிருக்காரே, அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சு அழுதேன். நான் இல்லாம அவரை எங்கேயும் அனுப்ப மாட்டேன். ஆனா சும்மா உட்கார வெச்சா வழியெல்லாம் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பார். அதனால பழைய உயர மீட்டரை மட்டும் அவர் பக்கமா மாட்டி வைக்கச் சொல்லியிருக்கேன், தட்டிக்கிட்டு வரட்டும். அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே கிடையாது, வெறும் டயல்தான். அவர் தட்டினா அது எப்பவுமே நகராது, அதனால சந்தேகமே வராது. நீயும் உளறிடாதே.