பிரிண்டருக்கு அமாவாசை விடுமுறை

"ஏனுங்க, இந்தத் தாளைக் கொஞ்சம் பாருங்க. இதுல 'சாமை'ங்கறது எங்க இருக்குது?"

கோகிலவாணி நீட்டிய தாளை அர்த்தனாரி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். முன்பக்கத்தில் இல்லாதது பின்பக்கத்தில் இருக்கும் என்று நம்புகிற நல்ல மனிதர். தாளில் கோடு கோடாக ஏதோ வெளிறிய நீலம் தெரிந்தது. அதை எழுத்து என்று சொல்ல அவருக்கே மனசு வரவில்லை.

"பிரிண்டர் களைச்சுப் போயிருக்குது," என்றார்.

"இருபது நாளா ஒத்தைத் தாள்கூடப் போடலீங்க. எதைச் செஞ்சு களைச்சுது?"

நியாயமான கேள்விதான்.

வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் கண்காட்சி. கோகிலவாணியின் மகளிர் குழுவுக்கு முதன்முதலாக ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து காயவைத்து, புடைத்து, கட்டி முடித்த அறுநூறு பாக்கெட் சாமையும் மிளகும் நடுவீட்டில் அடுக்கியிருந்தன. லேபிள் ஒட்டாத பாக்கெட்டை மேசையில் வைக்க விடமாட்டார்கள். மேசை காலியாகக் கிடந்தால் அடுத்த வருஷம் கூப்பிடவும் மாட்டார்கள். அன்று திங்கள்கிழமை.

பிரிண்டர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறக்கியபோது, "புத்தம் புதுசுங்க, பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று கோகிலவாணி சொன்னாள். அதுதான் வினையாகிப் போயிற்று. போன வருஷம் மிளகு உதிர்க்கும் மெஷினை ஓய்வே கொடுக்காமல் ஓட்டி மோட்டாரைக் கருக்கியவர் அர்த்தனாரி. அதற்காக அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பதினோரு நாள் எந்த வார்த்தையுமே பேசவில்லை. அதிலிருந்து மெஷின் என்றாலே அவருக்குப் பயபக்தி.

செல்போனில் தேடி அந்த மாடலுக்கு இரண்டு எண்களைக் கண்டுபிடித்தார். மாதத்துக்கு அதிகபட்சம் ஆயிரம் பக்கம். மொத்த ஆயுள் முப்பதாயிரம் பக்கம்.

"மாடு பத்து மூட்டை இழுக்கும்னா தெனமும் பத்து மூட்டையா ஏத்துவோம்?" என்று கேட்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று விதித்தார். அப்படிப் போனால் எட்டு வருஷத்துக்கு மேல் வரும். மகள் சங்கீதாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் பேரனின் பள்ளிக்கூட வேலைக்குப் பக்கம் ஒதுக்கியாகிவிட்டது. அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை என்பதால் அன்றைக்குப் பிரிண்டருக்கும் விடுமுறை. கண்காட்சிக்காகத் தாளுக்கு நாலு லேபிள் வீதம் ஒரே மூச்சில் நூற்றைம்பது தாள் அடிக்க வேண்டும் என்று தெரிந்ததும், தெம்பு சேரட்டும் என்று இருபது நாள் முழு ஓய்வு கொடுத்து, மேலே துண்டு போர்த்தி வைத்தார்.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒரு மனிதர் இத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும்போது என்னவென்று தடுப்பது?

"இன்னும் ரெண்டு நாள் படுக்கட்டும், சரியாயிரும்," என்றார் அர்த்தனாரி.

புதன்கிழமை காலையில் அந்த நீலமும் இல்லை. தாள் உள்ளே போன மாதிரியே வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது.

பக்கத்து வீட்டு மாதம்மாள் எட்டிப் பார்த்தாள். குழுவின் பாதி வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிறவள் அவள்தான். "ஏனுங்ண்ணா, வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் 'இது சாமைங்க, என்னைய நம்புங்க'ன்னு நான் வாய்லயே சொல்லோணுமா?"

கோகிலவாணி மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் ஜெராக்ஸ் கடையும் பிரிண்டர் ரிப்பேரும் வைத்திருக்கும் நவ்ஷாத்துக்குப் போன் போட்டு, கணவரிடம் கொடுத்தாள்.

"மை பீச்சுற ஹெட்ல மை காஞ்சிருக்கும்ணா. லேப்டாப்புல 'ஹெட் கிளீனிங்'னு இருக்கும் பாருங்க. ஒரு தடவை போடுங்க. பத்தலைன்னா இன்னொரு தடவை."

அர்த்தனாரி பதினோரு தடவை போட்டார். ஒவ்வொரு தடவையும் அது மையை உறிஞ்சி அடியிலிருக்கும் பஞ்சில் துப்புகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டாவது தடவை சிவப்பு விளக்கு மின்னியது. பஞ்சு நிரம்பிவிட்டது, இனிமேல் அச்சிட முடியாது என்று லேப்டாப்பில் வந்தது.

"பஞ்சு ஈரமாயிருச்சு. அவ்வளவுதானே?" என்றார். "காய வெச்சாப் போச்சு."

யாரும் தடுப்பதற்குள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்த தார்ப்பாயின் ஓரத்தில், நல்ல வெயிலில் வைத்தார். மாதம்மாள் எப்போதும்போல மிளகைத் துழாவிவிட்டுப் போனாள். சாயங்காலம் தூக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது.

"மிளகு போயிருச்சாட்ட இருக்குது," என்று அர்த்தனாரி அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மிளகு வரவில்லை. மைதான் வந்தது, அவர் வேட்டி முழுக்க.

மாதம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கோகிலவாணி சிரிக்கவில்லை. பாக்கெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"பன்னெண்டு ஊட்டுக்காரிககிட்டயும் நான் என்னத்தைச் சொல்றதுங்க?" என்றபோது அவள் குரல் உடைந்தது.

இதற்குப் பதினோரு நாள் பேசாமல் இருந்தாலே தேவலை என்று அர்த்தனாரிக்குத் தோன்றியது. மை அப்பிய கையோடு அவரே நவ்ஷாத்துக்குப் போன் செய்தார். "தம்பி, நாளைக்கு நீங்க மலை ஏறி வரலைன்னா நான் ஊட்டை விட்டு இறங்கிப் போயிருவனுங்க."

நவ்ஷாத் வியாழக்கிழமை காலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி வந்தான். பிரிண்டரைப் பிரித்துப் போட்டு, இருபத்துமூன்று மிளகை எடுத்துக் கோகிலவாணியின் கையில் கொடுத்தான். ஹெட்டைக் கழுவி, பஞ்சை மாற்றி, மை ஊற்றினான். பத்து மணிக்கு முதல் தாள் வந்தது. கறுப்பில், பச்சைக் கரையோடு, 'சாமை' என்று பளிச்சென்று இருந்தது. கோகிலவாணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அர்த்தனாரி வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மதியத்துக்குள் நூற்றைம்பது தாளும் வந்துவிட்டன. நடுவீட்டில் பன்னிரண்டு பெண்களும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே நாள்ல நூத்தம்பது தாளு," என்று அர்த்தனாரி பிரிண்டரைத் தடவிக்கொடுத்தார். "மாசம் ஆயிரம் பக்கந்தான்னு போட்டிருக்குது, ஒண்ணும் ஆயிராதுங்களே தம்பி?"

"அந்த ஆயிரம், மாசத்துல அதைத் தாண்டி ஓட்டாதீங்கன்னு சொல்றதுண்ணா. அதுக்குள்ள எவ்வளவு வேணாலும் போடலாம். பட்டினி போடறதுதான் தப்பு. வாரத்துக்கு ரெண்டு கலர் தாளாவது போட்டுக்கிட்டே இருங்க. நீங்க குடுத்த ஓய்வுதான் இதைப் படுக்கப் போட்டுச்சு."

"அப்ப ஆயுசுன்னு போட்டிருக்கிற அந்த முப்பதாயிரம்?"

"அது ஒரு உத்தேசந்தாண்ணா. சிலது அதுக்கு முன்னாடியே போயிரும், சிலது தாண்டியும் ஓடும்."

அர்த்தனாரிக்கு உத்தேசத்தில் நம்பிக்கை இல்லை. "என்னைய ஏமாத்தாமச் சொல்லுங்க தம்பி. இன்னிக்கோட நானூத்தி நாப்பது பக்கம் ஆயிருக்குது. மிச்சம் இருபத்தொம்பதாயிரத்துச் சொச்சம் அப்படியே இருக்குதுங்களா?"

"டீ ஆறுது, குடிங்க தம்பி," என்று கோகிலவாணி அவசரமாக டம்ளரை நீட்டினாள்.

நவ்ஷாத் டம்ளரை வாங்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, எங்க கடையில நாப்பத்தாறாயிரம் பக்கம் ஓடுன பிரிண்டரைத்தான் வாங்கிட்டு வந்தீங்கன்னு அண்ணன்கிட்ட இன்னுமா நீங்க சொல்லலை?"