அவகாசம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது

அன்பும் மரியாதையும் நிறைந்த சுவக்கீன் மாமாவுக்கு,

மருமகள் ஆன்மேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா சுகம், மழை சுகம், தேயிலைக் காட்டு அட்டைகள் மிகவும் சுகம். சித்தூரில் உங்கள் முழங்கால் சுகமா?

நிற்க. நாங்கள் மூன்று வருடமாக நின்றுகொண்டுதான் இருக்கிறோம், பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில்.

உங்கள் தங்கச்சி, என் அம்மா சந்தனமேரி, இந்த முப்பதாம் தேதி எஸ்டேட்டிலிருந்து ரிட்டயர். அன்றே எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அரசாங்கம் தருவதாகச் சொன்ன மூன்று சென்ட் மனைக்கு ஆபீசர் மூன்று வருடமாக “இன்னும் மூன்று மாதம்” என்கிறார். வாசலில் போய் உட்காரலாம் என்றேன். நீங்கள்தான் போனில், “சர்க்காரை நம்பணும் புள்ள, ஒழுங்கா ஒரு மனு எழுது” என்றீர்கள். எழுதினேன். ஆபீசில் நடப்பது மலையாளம்தான், ஆனாலும் அம்மா வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்பதால் தமிழில் எழுதினேன். “ஐயா, மனை விஷயத்தில் இனி அவகாசம் வேண்டாம்.” கோபமும் இருந்தது, கையெழுத்தும் அழகாக இருந்தது.

பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. அந்த ஆபீசில் இப்படி ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. “விண்ணப்பதாரர் மனையில் தனக்கு அவகாசம் வேண்டாம் என்று எழுதித் தந்ததால் பெயர் நீக்கப்பட்டது.” மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. எனக்குத் தெரியாதா? பிளஸ் டூ வரை மலையாளத்தில் படித்தவள்தான், எழுதும்போது தமிழ்க் கோபம் முந்திக்கொண்டது. ஓடிப்போய் கிளார்க் ஜிபினிடம் சொன்னால், “சேச்சி, அவகாசம் வேண்டான்னு நீங்க தன்னே அல்லே எழுதியது? அம்மைட ஒப்பும் உண்டல்லோ” என்று அம்மாவின் கையெழுத்தைத் தொட்டுக் காட்டுகிறார். திருத்த வேண்டுமானால் புது மனுவாம். அதற்கும் மூன்று மாதமாம்.

மனு போதும், போராட்டம் என்று லைனில் பதினோரு பெண்களைத் திரட்டினேன். கத்தரீனாள் சித்தி உணர்ச்சிவசப்பட்டு, “இனி அவகாசம் தரமாட்டோம்!” என்று ஆரம்பித்தார். நான் அவர் வாயைப் பொத்துவதற்குள் பதினோரு பேரும், “தரமாட்டோம்! தரமாட்டோம்!” என்று பிடித்துக்கொண்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், “அது ஆபீசர் பறைய வேண்டிய காரியமல்லே, நீங்க எதுக்கு சொல்றது?” என்றார். அந்த வழியாகப் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சித்தி என் காதில், “ஏட்டி, நம்ம யாரு பக்கம்டி கத்துறோம்?” என்றார். ஆபீசர் அன்று ஆபீசிலேயே இல்லை. மக்கள் குறை கேட்கும் பயிற்சிக்குப் போயிருந்தார்.

மாமா, நம்பி எழுதினால் உரிமை போகிறது, நம்பாமல் கத்தினால் சிரிக்கிறார்கள். எங்கள் லைன் ஜோஜோ அண்ணன் ஓட்டும் போடுவதில்லை, கொடியும் பிடிப்பதில்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனைத்தான் லைனில் விவரமானவன் என்கிறார்கள். எலெக்‌ஷனுக்கு மட்டும் ஜீப் எங்கள் வாசல்வரை வரும். ஓட்டுப் போட அம்மா முதல் ஆளாக ஏறுவாள். எனக்கு இனி ஆபீசும் வேண்டாம், கோஷமும் வேண்டாம். மத்தியான பஸ்ஸில் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். முப்பதாம் தேதி வந்து அம்மாவையும் கூட்டிப் போய்விடுவேன்.

மாமிக்கும் மோனிஷாவுக்கும் என் அன்பு. மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும். எங்கள் வீட்டையும் காக்கட்டும் என்று எழுத எங்களுக்கு வீடு வேண்டும்.

இப்படிக்கு,
ஆன்மேரி

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ஜிபினே போன் செய்தார். அம்மா காலையிலிருந்து தனியாக ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம். ஓடினேன். “ஆபீசர் நல்ல மனுசன்ட்டி. நம்ம பேச்சு அவருக்கு வெளங்கல, அம்புட்டுத்தான். வெளங்குற வரைக்கும் உக்காந்திருக்கேன்” என்கிறாள். நம்பாத நான் பை கட்டிவிட்டேன். நம்புகிறவள்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். பஸ் போய்விட்டது. நான் எழுதினால் மறுபடியும் தமிழ்க் கோபம் முந்திக்கொள்ளும், புது மனுவை நீங்களே நல்ல மலையாளத்தில் எழுதி, கடிதம் கிடைத்த அன்றே அனுப்புங்கள். குடை எடுக்கத்தான் வீட்டுக்கு வந்தேன், இரண்டாக எடுத்துப் போகிறேன்.