நாற்பதைத் தாண்டாதவன்

கெலமங்கலம் தாண்டியதும் மாடசாமி அரசுப் பேருந்தை முந்திவிட்டான். முந்திய பிறகு அவனுக்கே திக்கென்றது. குனிந்து மீட்டரைப் பார்த்தான். முள் நாற்பதிலேயே நின்றது, ஒரு மயிரிழைகூட ஏறவில்லை.

நாற்பதைத் தாண்டுவது அவனைப் பொறுத்தவரை பாவம். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். ஊரில் எல்லோரும் அதைப் படித்துவிட்டு அன்றைக்கே மறந்துவிடுவார்கள். மாடசாமியால் முடியாது. ஓசூர் பைக் கம்பெனியில் இஞ்சின் லைனில் ஏழு வருஷமாக நின்றுகொண்டே, சிலிண்டர் தலையில் அதே நான்கு நட்டுகளை முடுக்குகிறவன் அவன். உள்ளே நடப்பது அவனுக்குத் தெரியும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பிஸ்டன் ஏறி இறங்குகிறது. உள்ளே வெடிமேல் வெடி. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிசாக ஓர் எண்ணெய்ப் படலம். அதை நம்பித்தான் மனிதன் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறான். நினைக்க நினைக்க அவனுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆயுத பூஜைக்கு ஊழியர்களுக்குச் சலுகையில் கொடுத்த வண்டி அது. மலைக்கோயில் அடிவாரத்தில் பூஜை போட்டபோது, மனைவி பவளம் முன்விளக்குக்கு ஒன்று, டாங்குக்கு ஒன்று, மீட்டர் கண்ணாடிக்கு ஒன்று என்று சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். மீட்டருக்கு வைத்தது கொஞ்சம் தாராளம். ஓரத்து எண்களும் முள்ளும், ஓடிய தூரம் காட்டும் சின்னக் கட்டமும்தான் மிச்சம் தெரிந்தன. ஆயிரம் முடியும்வரை அந்தப் பொட்டைத் துடைப்பதில்லை என்று மாடசாமி வேண்டிக்கொண்டான்.

வண்டியும் அதற்கேற்ற மகிமையைக் காட்டியது. வீட்டிலிருந்து கம்பெனி இருபத்து நாலு கிலோமீட்டர் என்று பேருந்துக்காரர்கள் சொல்லி வந்தார்கள். இவன் மீட்டர் பதினைந்துதான் காட்டியது. டிக்கெட்டுக்காக இத்தனை வருஷம் ரோட்டை இழுத்து நீட்டியிருக்கிறார்கள் என்று மாடசாமி முடிவுகட்டினான். பெட்ரோல் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தது.

"இது என்ன இந்தக் குடி குடிக்கி?" என்றாள் பவளம்.

"பச்சப்புள்ள பால் குடிக்கத்தான செய்யும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

பக்கத்துத் தெரு அருள்ஜோசப்பும் அதே லைனில்தான் வேலை செய்தான். அதே பூஜைக்கு அதே வண்டியை வாங்கியிருந்தான். மாடசாமியின் உபதேசத்தைக் கேட்டு அவனும் நாற்பதைப் பிடித்தான். முதல் வாரமே மூன்று நாள் கேட்டில் லேட் கையெழுத்துப் போட்டான். ஒருநாள் இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். முள் இரண்டிலும் நாற்பது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் மாடசாமி கண்ணிலிருந்தே மறைந்துவிட்டான்.

"எனக்கும் நாப்பதுதாண்ணா. உனக்கு மட்டும் எப்படிப் பறக்குது?" என்று அருள்ஜோசப் கேட்டான்.

"இஞ்சினுக்கு மரியாத குடுக்கணும்டே. நீ அத இரும்புன்னு நெனச்சு ஓட்டுத" என்றான் மாடசாமி.

அருள்ஜோசப் மனம் உடைந்து தன் வண்டியை மெக்கானிக்கிடம் கொடுத்து கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். அதற்குப் பிறகு அது நாற்பதுக்கே இருமியது. அந்த வயிற்றெரிச்சலை அவன் கேன்டீனில் கொட்ட, மறுநாள் இஞ்சின் பிரிவின் இளம் அதிகாரி ராஜேஷ்குமார் மாடசாமியைத் தேடி வந்துவிட்டார்.

கம்பெனிக்குள் இருந்த சோதனைத் தடத்தில் இரண்டு வண்டிகளையும் ஓடவிட்டார்கள். நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. மாடசாமி ஒரு முழுச் சுற்று முன்னால் வந்து நின்றான். அதிகாரிகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ரகசியத்தைக் கேட்டார்கள். காலையில் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுவது, வெடுக்கென்று முறுக்காதது எல்லாவற்றையும் சொன்னான். கேட்கிறார்களே என்று, செவ்வாய்க்கிழமை கியரை அதட்டி மாற்றுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டான். ஒருவர் அதையும் எழுதிக்கொண்டார்.

புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பாடம் எடுக்க அவனையே பயிற்சியாளராகப் போடலாம் என்றார் ராஜேஷ்குமார். பயிற்சியாளருக்கு நாற்காலி உண்டு. ஏழு வருஷம் நின்ற கால்கள் அதைக் கேட்டு நெகிழ்ந்தன. ஆனால் அடுத்த வார்த்தையில் இடி விழுந்தது. அதற்கு முன்னால் இஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டுமாம்.

அப்போது தொள்ளாயிரத்து இருபது ஓடியிருந்தது. ஆயிரம் முடியாத இஞ்சினைப் பிரிப்பதாவது. வேண்டுதலையாவது முடித்துவிடலாம் என்று அன்று மாலையே குருபரப்பள்ளிவரை போய்த் திரும்பக் கிளம்பினான். போகும் வழியில் முன்னால் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. நாற்பதிலேயே அதை மெதுவாக முந்தினான். உள்ளே கம்பெனியின் பெரிய மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்கு ஒரு கையை எடுத்து வணக்கம் வைத்தான். அவர் எட்டி இவன் முள்ளைப் பார்த்தார், தன் டிரைவரின் முள்ளைப் பார்த்தார். அங்கே அறுபது. கார் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று டிரைவரைத் திட்டிவிட்டு, மாடசாமியை ஓரங்கட்டச் சொல்லி, வண்டியை அங்கேயே லாரியில் ஏற்றிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். ஆயிரத்துக்கு இன்னும் அறுபது பாக்கி.

மறுநாள் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இஞ்சினைப் பிரித்தார்கள். ஏழு இன்ஜினியர்கள் சுற்றி நின்றார்கள். மாடசாமி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் தகப்பனாக மூலையில் நின்றான். சிலிண்டரைத் தூக்கியபோது எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. சுவரில் ஒரு கீறல் கிடையாது. ரிங்குகள் சீராக உட்கார்ந்திருந்தன. பிஸ்டனின் பக்கம் நெய் தடவியதுபோல மின்னியது. ராஜேஷ்குமார் ஏனோ செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தார். மாடசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் முடுக்கிய நான்கு நட்டுகளுக்குக் கீழே இப்படி ஓர் உலகம் இருப்பதை அவன் அன்றுதான் கண்ணால் பார்த்தான்.

மீட்டரையும் ஒருமுறை சோதித்துவிடலாமே என்று ஒருவர் மெல்ல இழுத்தார். மீட்டர் வேறு டிபார்ட்மென்ட், அதற்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்று ராஜேஷ்குமார் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார். சந்தனப் பொட்டை யாரும் தொடக் கூடாது என்று பெரிய மேனேஜரே உத்தரவு போட்டிருந்தார். 'ஓட்டுநரின் ஒழுக்கமே காரணம்' என்று அறிக்கை எழுதினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக் கூடத்தில் மாடசாமி நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரே நாற்பது பையன்கள், முன்வரிசையில் பெரிய மேனேஜர். மறுபடி பூட்டிய வண்டியை மாலை போட்டு மேடையில் நிறுத்தியிருந்தார்கள். எக்ஸ்போர்ட் பேக்கிங் பகுதியில் பெருக்குகிற நஞ்சம்மாவை மேடையைத் துடைக்க அன்று இங்கே அனுப்பியிருந்தார்கள். அவளிடம் பொட்டு விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

"ஒரு நாள்கூட, ஒரு நிமிசம்கூட நான் நாப்பதத் தாண்டல. இந்த இஞ்சின் இப்படி இருக்கதுக்கு அது ஒண்ணுதான் காரணம்" என்று மாடசாமி சொல்லி முடித்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடங்கியபோது நஞ்சம்மா மீட்டரை ஈரத் துணியால் பளிச்சென்று துடைத்து முடித்திருந்தாள். கண்ணாடியை உற்றுப் பார்த்தாள், மாடசாமியைப் பார்த்தாள்.

"மாடசாமி சார், இது ஃபாரின் பெட்டியில போற மைல் மீட்டராச்சே, இதுல நாப்பதுன்னா நம்மூருக்கு அறுவத்தி நாலுன்னு எங்க பேக்கிங் பசங்க சொல்லுவாங்க, பாவம், இஞ்சினு ரொம்ப நல்ல இஞ்சினு சார், இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லல பாருங்க."