கடற்பாசி பேசாத ஞாயிற்றுக்கிழமை

“அந்த அலமாரியை இன்னும் காலி பண்ணலையா நீங்க?”

சமையலறையிலிருந்து மரிவோன் போட்ட சத்தத்தில் குல்வெனின் கையிலிருந்த பற்பசைக் குழாய் நழுவிக் கீழே விழுந்தது. அதை எங்கே ஒளிப்பது என்றுதான் பத்து நிமிடமாக அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

மற்ற வீடுகளில் அலமாரியில் கல்யாணப் போட்டோ இருக்கும், பீங்கான் கோப்பை இருக்கும். குல்வென் வீட்டில் இருந்தது ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா, ஒரு பற்பசை, ஒரு பீர் பாட்டில், காயத்துக்குப் போடும் கட்டு ஒரு பாக்கெட், வெல்டிங் குச்சி இரண்டு, பூப்போட்ட பருத்தித் துணி ஒரு முழம், பல் டாக்டர்கள் அச்செடுக்கும் மாவு ஒரு பை. எல்லாவற்றிலும் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் இருக்கிறது. ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருகிறது. ஐரோப்பாவிலேயே அதிகமாகக் கடற்பாசி வந்து இறங்கும் துறை எங்கள் லானில்துட். அந்தத் துறையில் முப்பது வருடமாகப் படகு ஓட்டிப் பாசி இழுப்பவர் குல்வென். ஆகவே அலமாரியில் இருந்ததெல்லாம் தன் உழைப்பு என்பது அவர் கட்சி. அவர் இழுத்த பாசிதான் என்று என்ன நிச்சயம் என்று யாராவது கேட்டால், “இல்லேன்னு நிச்சயமாச் சொல்ல முடியுமா உன்னால?” என்று திருப்பிக் கேட்பார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காருமுன் இந்த அலமாரியைப் பார்த்தாக வேண்டும். தபால்காரர் இப்போதெல்லாம் கடிதத்தை வேலிக்கு வெளியிலேயே வைத்துவிட்டு ஓடுகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் எனோராவைப் பெண் கேட்டு ரென் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஐஸ்கிரீம் பரிமாறியதும் குல்வென் எழுந்து நின்று, அதற்குள் தன் பாசி எப்படிப் போகிறது என்று வேரிலிருந்து தொடங்கினார். பையனின் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாள் பையனும் எனோராவைக் கீழே வைத்துவிட்டான்.

அதனால்தான் இன்று காலை, மாதா கோயிலிலிருந்து திரும்பியதும் மரிவோன் கணவனைப் புனித அன்னம்மாள் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

“சத்தியம் பண்ணுங்க. சம்பந்தி வீட்டார் திரும்பிப் போற வரைக்கும் கடல்பாசின்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது.”

“பாசின்னு சொல்லலாமா?”

“பாசி, படகு, ஆல்ஜினேட், ஒண்ணும் கூடாது. இந்தச் சம்பந்தமும் முறிஞ்சா நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்.”

அன்னம்மாள் மேல் செய்த சத்தியத்தை எங்கள் பக்கத்துக் கடல்காரன் மீறமாட்டான். குல்வென் விழுங்க முடியாததை விழுங்குகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, “சத்தியம்” என்றார்.

எனோராவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். “மாப்பிள்ளையோட அப்பா என்னதான்ம்மா வேலை பாக்கறாரு?”

“லியோன்ல ஏதோ கம்பெனிப்பா. வேலையைப் பத்தி மட்டும் அவர்கிட்டக் கேட்டுடாதீங்க. அத்தைக்குப் பிடிக்காது” என்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

பெரிய மனிதர்தான் போலிருக்கிறது என்று குல்வென் நினைத்துக்கொண்டார். அவசர அவசரமாக அலமாரியைக் காலி செய்தார். பற்பசையும் வெல்டிங் குச்சியும் குடைத் தாங்கிக்குள் போயின. கட்டுப் பாக்கெட் சோபாவுக்கு அடியில். அச்சு மாவுப் பைதான் வம்பு செய்தது. பிரெஸ்ட் நகரத்தில் பல் பிடுங்கிக்கொள்ளப் போனபோது நாற்காலியில் சாய்ந்தபடியே அரை மணி நேரம் பாசியைப் பற்றிப் பேசி, ‘இதை எடுத்துக்கிட்டு முதல்ல வீட்டுக்குப் போங்க’ என்று டாக்டரே கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்த பை அது. பழசாகி ஓரம் கிழிந்து மாவு கொட்டியது. சமையலறை அடுக்கில் ஒரு தகர டப்பா காலியாக இருந்தது. அதில் கொட்டி மூடினார். அது மைதா டப்பா என்பதையோ, மரிவோன் அதைக் கழுவி வைத்தது மறுபடி நிரப்பத்தான் என்பதையோ அவர் யோசிக்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

லியோன்காரர் ஷவான் உயரமாக, ஒல்லியாக, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தார். அவர் மனைவி ஓதில் பூப்போட்ட கவுனில் உருண்டையாக, கலகலப்பாக இருந்தாள். மாப்பிள்ளை பாஸ்தியேன் பின்னால் நின்று எனோராவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஷவான் உள்ளே வந்ததும் மூக்கை உயர்த்தி இரண்டு முறை நன்றாக இழுத்தார். ஓதில் அவர் முழங்கையைக் கிள்ளினாள். குல்வென் கவனித்துவிட்டார். என்ன தேய்த்துக் குளித்தாலும் பாசி வாடை போகாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் சுருக்கென்றது.

“பயணமெல்லாம் சௌகரியமா?” என்று கேட்டார்.

“சௌகரியம்” என்றார் ஷவான். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேசையில் ஒரு முழ நீளக் கொடுவா மீன், முழுசாகச் சுட்டது. அதன்மேல் ஊற்ற மரிவோன் வெண்ணெய்க் குழம்பு செய்திருந்தாள். குழம்பு நீர்த்துப்போயிருந்தது. அடுக்கில் டப்பா நிறைய மாவு இருப்பதைப் பார்த்து, மகள் கடைக்குப் போய்வந்துவிட்டாள் போல என்று மகிழ்ந்து, நாலு கரண்டி அள்ளிப் போட்டுக் கிளறினாள். புதினா வாசம் வந்தது. யோசிக்க நேரமில்லை, மீன்மேல் தாராளமாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

“சம்பந்தி, நீங்கதான் முதல்ல வெட்டணும்” என்றாள் உபசாரமாக.

ஷவான் கத்தியை வைத்தார். கத்தி எகிறியது. முள்கரண்டியால் ஓரத்தை நெம்பினார். குழம்பு முழுவதும் ஒரே தகடாக, தலையிலிருந்து வால் வரை அப்படியே கழன்று வந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஷவான் அதைத் திருப்பிப் பார்த்தார். உட்புறத்தில் மீனின் கண், வாய், செவுள், செதில் செதிலாக உடம்பு, எல்லாம் துல்லியமாகப் பதிந்திருந்தன. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கண்ணை அகல விரித்தார். கோபம் வந்துவிட்டது என்று குல்வென் நினைத்தார். அடுக்கிலிருந்த தகர டப்பா அவர் மனக்கண்ணில் வந்து நின்றது.

“என்ன இது?” என்றார் ஷவான், கம்மிய குரலில்.

மரிவோன் கணவனைப் பார்த்தாள். குல்வென் அன்னம்மாளைப் பார்த்தார்.

“அது வந்து... எங்க ஊரு வழக்கம் சம்பந்தி. குழம்பைத் தோல் மாதிரி உரிச்சுப் போட்டுட்டுத்தான் மீனைச் சாப்பிடுவோம்.”

“நல்ல வழக்கமா இருக்கே!” என்று ஓதில் உடனே மீனைப் புரட்டி அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்ததை உரிக்க ஆரம்பித்தாள். பாஸ்தியேன் கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இருமினான்.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஷவான் செதில் பதிந்த துண்டு ஒன்றைக் கைத்துண்டில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போடுவதைக் குல்வென் பார்த்துவிட்டார். லியோன் முழுக்கக் காட்டிச் சிரிக்கப் போகிறார்! முகம் சுண்டிப்போய், எதையாவது செய்து சமாளிக்க வேண்டுமே என்று ரொட்டியை இழுத்து வெட்டத் தொடங்கினார். கவனம் பைக்குள் இருந்த குழம்பில். கத்தி விரலில் இறங்கியது.

மரிவோன் பஞ்சு வைத்து அழுத்தினாள். நிற்கவில்லை. விருந்துக்காக விரித்த வெள்ளை மேசைவிரிப்பில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

“அந்தக் கட்டு எங்கப்பா?” என்றாள் எனோரா.

“எந்தக் கட்டு? அப்படி ஒண்ணும் நம்ம வீட்ல கிடையாது.”

“சோபாவுக்கு அடியில பாக்கெட் தெரியுதே!”

இழுத்து எடுத்துச் சுற்றினாள். ரத்தம் பட்ட இடத்தில் கட்டு குழைந்து கூழாகி ஒட்டிக்கொண்டது. ரத்தம் நின்றது. ஷவான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து குல்வெனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணை விரல்மேல் ஒட்டாத குறையாகப் பார்த்தார்.

“சட்டுன்னு நின்னுடுச்சே. இந்தக் கட்டு எதுல செஞ்சது?”

குல்வெனின் நாக்கு நமநமத்தது. நான் இழுத்த பாசியில் செய்தது ஐயா, எத்தனை ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் காயத்தை ஆற்றுகிறது தெரியுமா என்று நெஞ்சுக்குள் ஒரு பிரசங்கமே ஓடியது. மரிவோன் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

“பருத்தி” என்றார் குல்வென். சொன்னபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“பருத்தியா?” ஷவான் அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஓதில் தொண்டையைச் செருமினாள். அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஐஸ்கிரீம் வந்தது. ஷவான் ஒரு வாய் வைத்து, நாக்கில் வைத்தே கரைத்தார். பிறகு, “டப்பாவைக் கொஞ்சம் கொடுங்க” என்று கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வரிவரியாகப் படித்தார்.

மலிவான சரக்கா என்று பார்க்கிறார். குல்வெனுக்குக் காது சிவந்தது.

“இவ்வளவு வழுவழுன்னு இருக்கே. ஒரு ஐஸ் நெறநெறப்புகூட இல்லை. எதனால?”

“பால்” என்றார் குல்வென். “நல்ல பால்.”

பக்கத்து வீட்டுச் சேவல், நேரங்கெட்ட நேரத்தில், கொக்கரக்கோ என்று கூவியது.

அது போதும். சேவல் கூவுமுன் ஆண்டவரை மூன்று முறை தெரியாதென்ற பேதுருவின் கதையை எத்தனை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டிருக்கிறார் குல்வென்! சோறு போட்ட கடலை மூன்று முறை மறுதலித்தாயிற்று. முகத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். ஷவானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே முகத்துவாரத்தில் குல்வெனின் படகு ‘ஸ்டெரென்’ நின்றது. நடுவில் பாசியைச் சுருட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி, வெயிலில் பளபளவென்று.

“அந்தப் படகு அழகா இருக்கே” என்றார் ஷவான் மெதுவாக. “அந்த முறுக்குக் கொக்கி எதுக்கு? மணல் அள்ளவா?”

மணல்!

குல்வென் எழுந்து நின்றார். மரிவோன் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மணல் இல்ல சம்பந்தி, கடல்பாசி! நூடுல்ஸைக் கரண்டியில சுத்தற மாதிரி அந்தக் கொக்கி சுத்தும், பாசி கொத்தாத் தூக்கிட்டு வரும். அது என் படகு. என் பாசி. இப்ப நீங்க வழுவழுன்னு சாப்பிட்டீங்களே, அதுல இருக்கிறது என் பாசி. என் விரல்ல ரத்தத்தை நிறுத்தினது என் பாசி. சம்பந்தியம்மா கவுன்ல பூ கலங்காம நிக்குதே, அந்தச் சாயத்தைக் கெட்டியா வச்சது என் பாசி! நீங்க குடிக்கிற பீர்ல நுரை நிக்கிறதும், நெஞ்செரிச்சல் மருந்தும், கப்பல் பட்டறையில வெல்டிங் குச்சிப் பூச்சும் என் பாசி. குழம்பு அப்படி ஆனதுக்கும் அதுதான் காரணம், பல் டாக்டர் மாவைத் தெரியாம டப்பாவுல கொட்டினவன் நான், பாவம் இவ இல்ல. நாலு மணிக்கு எழுந்து, மழையில நனைஞ்சு, முப்பது வருஷமா இழுக்கறேன். என் உடம்புல வாடை அடிக்கும். அடிக்கட்டும்! என் பொண்ணு வேணும்னா இந்த வாடையோடதான் எடுத்துக்கணும். லியோன்ல போய்ச் சிரிங்க. உங்க பையில இருக்கிற குழம்புத் துண்டைக் காட்டிக் காட்டிச் சிரிங்க!”

மூச்சு வாங்க உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அவ்வளவு நன்றாக அவர் எப்போதும் பேசியதில்லை. அந்த வேதனையிலும் அது அவருக்கே தெரிந்திருந்தது.

ஷவான் எழுந்தார். முகம் முழுக்கச் சிவந்திருந்தது. கோட்டுப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே போனார். கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“போயிட்டாரு” என்றாள் மரிவோன். “எல்லாம் போச்சு. எங்கக்காவுக்குப் போன் போடு எனோரா.”

எனோராவும் பாஸ்தியேனும் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து, குல்வென் கட்டுப்போட்ட விரலால் மகளின் தலையைத் தடவினார்.

ஓதில் மட்டும் பதறவில்லை. மிச்சமிருந்த ஐஸ்கிரீமை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

“பயப்படாதீங்க சம்பந்தி, சாம்பிள் பெட்டியை எடுக்கத்தான் போறாரு. இருபத்தாறு வருஷமா அந்தப் பல் அச்சு மாவைத் தயாரிக்கிற மனுஷன்கிட்ட, இன்னிக்கு ஒரு நாளாவது கடல்பாசின்னு வாயைத் திறக்கக் கூடாதுன்னு காலையிலதான் சத்தியம் வாங்கினேன்.”