தங்க எழுத்துப் போட்ட இத்தாலிப் பை

போலியை அசல் என்று விற்று மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அசலைப் போலியாக்கி மாட்டிக்கொண்டவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.)

கல்யாணமாகி மதுரையிலிருந்து சிவகாசிக்கு வந்த புதிது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். மாமனார் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையிலும் டைரி அட்டையிலும் தங்க ஃபாயில் எழுத்துப் போடுவதில் பெயர் எடுத்தவர். மெல்லிய தங்க நிறத் தாளைச் சூட்டோடு அழுத்தி எழுத்தாகப் பதிய வைக்கிற வேலை அது. பி.காம். படித்த மருமகள் வந்ததும் பிரஸ் கணக்கை அவள் தலையில் கட்டிவிடலாம் என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். நானோ கணக்கிலிருந்து தப்பிப்பதற்காகவே கல்யாணத்துக்குச் சம்மதித்தவள். இண்டர்நெட்டில் சொந்தமாக வியாபாரம் செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட்டேன். வெளிநாட்டுப் பணக்காரப் பெண்கள் வைத்திருந்து கழித்த கைப்பைகளை வாங்கி விற்பதுதான் திட்டம்.

என் மாமியாருக்கு இதில் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அடுத்தவ தோள்ல தொங்குனதையா விக்கப் போற?" என்றார்.

மாமாதான் இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார். தீபாவளி வரைக்கும் வீட்டில் பிராட்பேண்ட் இருக்கட்டும். அதற்குள் ஒரு பையாவது விற்றால் தொடரலாம். விற்காவிட்டால் கனெக்‌ஷனை வெட்டிவிட்டு நான் பிரஸ்ஸில் கணக்குப் பார்க்க உட்கார வேண்டும். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் பயம்தான். கணவர் காலையில் பேப்பர் லோடு இறக்கப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், என் இஷ்டத்துக்குப் போய்வர அந்தக் கம்ப்யூட்டரை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. அதுவும் போய்விட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

என் கம்பெனியின் மொத்தச் சரக்கு ஒரே ஒரு பை. துபாயிலிருக்கும் அக்கா, பக்கத்து ஃப்ளாட் வெள்ளைக்காரம்மா ஊருக்குக் கிளம்பியபோது வாங்கி அனுப்பியது. இத்தாலியில் பேர் போன கம்பெனி. (பேர் வேண்டாம். நான் செய்த காரியத்துக்கு அவர்கள் என்மேல் கேஸ் போடலாம்.) பழுப்புத் தோல், கையில் எடுத்தால் வெண்ணெய். மூடியில் கம்பெனி பெயர் மட்டும் பாதி அழிந்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. படம் எடுத்து விற்பனைத் தளத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. வந்த மெயில்கள் எல்லாம் பட்டாசு விலைப் பட்டியல் கேட்டு வந்தவை. விற்பவர் ஊர் சிவகாசி என்று போட்டால் வேறென்ன கேட்பார்கள்?

தீபாவளி நெருங்கியபோதுதான் சென்னையிலிருந்து ஒரு அம்மா எழுதினார். ரேவதி மேடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள். தையலைக் காட்டு, ஜிப்பைக் காட்டு, மூடியில் இருக்கும் எழுத்தைக் கிட்டத்தில் காட்டு. எல்லாம் காட்டினேன். விலையும் படிந்தது. வருஷா வருஷம் பட்டாசு வாங்க அவரும் கணவரும் காரில் சிவகாசி வருவார்களாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், பையை நேரில் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அங்கே மாமா கொண்டுவந்து போட்டிருந்த பத்திரிகை மாதிரிகள் ஜொலித்துக்கொண்டிருந்தன. அவற்றின் பக்கத்தில் என் பை அழுது வடிந்தது. எழுத்தைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாரே, அழிந்துபோனதில் அவருக்குக் குறை இருக்கிறது போலும் என்று நானே முடிவு கட்டினேன். அந்த அழிந்த எழுத்தைப் பார்த்துத்தான் அசல் என்று நம்பிக் கிளம்பி வருகிறார் என்பது என் மர மண்டைக்கு எட்டவில்லை. மாமாவிடம் போய், இந்த எழுத்தைக் கொஞ்சம் சரி செய்ய முடியுமா என்று கேட்டேன்.

மாமா பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவரிடம் கேட்ட முதல் உதவி அது.

"டைரி அட்டைல போடுறதுதானத்தா. ரெக்சின்ல நிக்கிறது தோல்ல நிக்காதா?" என்றார்.

பழைய எழுத்தைப் படமெடுத்து, இம்மி பிசகாமல் அதே அளவில் அச்சுப் பிளாக் செய்ய வைத்து, சீசன் நெருக்கடியிலும் தானே மெஷினில் நின்று அடித்து முடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் பை வந்து சேர்ந்தது. எழுத்து கண்ணைப் பறித்தது. மாமியாரே இப்போதுதான் பை மாதிரி இருக்கிறது என்றார். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தேன். ஒரு விஷயம் மட்டும் என் கண்ணில் பட்டும் படவில்லை.

ஞாயிறு காலை, டிக்கி நிறையப் பட்டாசுப் பெட்டிகளோடு கார் வந்து நின்றது.

"வாங்க, வாங்க. எப்ப கிளம்புனீக? சாப்பிட்டீகளா?" என்று மாமியார் சாத்தூர்ச் சேவும் காப்பியுமாக உபசரித்தார். பையை நான் கையில் கொடுப்பதாக இருந்தேன். முதல் வியாபாரம் என்று அதையும் தாம்பாளத்தில் வைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ரேவதி மேடம் பையை எடுத்தார். தோலைத் தடவினார், தையலைப் பார்த்தார், உள்ளே மூக்கை விட்டு முகர்ந்தார். முகம் மலர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் மூடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கணவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இத்தாலியில பிள்ளையார் சுழி எல்லாம் போடுவாங்களா?" என்று கேட்டார் மேடம்.

இத்தாலிப் பெயருக்கு மேலே, நட்ட நடுவில், குட்டியாக, தங்கத்தில் ஒரு 'உ'.

மாமா தன் வாழ்நாளில் 'உ' போடாமல் ஒரு பத்திரிகை அடித்ததில்லை. மருமகளின் முதல் வியாபாரத்துக்கா போடாமல் விடுவார்? எனக்கும் அது உறுத்தவில்லை. பரீட்சைத் தாள் முதல் பலசரக்குச் சீட்டு வரை அதைப் போட்டு வளர்ந்தவளுக்கு, அது இருந்தால் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும்.

நான் உளற ஆரம்பித்தேன். பை ஒரிஜினல்தான், எழுத்து மட்டும் இங்கே அடித்தது என்றேன்.

"எழுத்தையே இங்க அடிக்க முடியும்னா, மத்ததையும் இங்கயே செஞ்சிருக்கலாம் இல்லையா?" என்றார் மேடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக் காட்டினேன்.

மருமகள் திணறுவதை மாமாவால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரிஜினல்ல எழுத்து அழிஞ்சுல்லம்மா கெடந்துச்சு. இது ஒரிஜினலை விட நல்லா இருக்கு. எம்புட்டு வேணும்னு சொல்லுங்க. ஆயிரம் பீஸ்னாலும் சீசன் முடியவும் போட்டுத் தாரேன்."

மேடம் பையைத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துவிட்டார். சேவைக்கூடத் தொடவில்லை. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். அவமானம் ஒரு பங்கு, கனெக்‌ஷன் போன துக்கம் மூன்று பங்கு. மாமியார் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தப் பையை நீயே வச்சுக்க, உன் தோளுக்கு நல்லாத்தான் இருக்கும் என்றார். அதற்கும் சேர்த்து அழுதேன்.

கூடத்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. மேடத்தின் கணவர் போகாமல் அந்த எழுத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குச் சென்னையில் புடவைக் கடையாம். புடவைப் பெட்டியில் இதே மாதிரி தங்க எழுத்துப் போட முடியுமா, மெயிலில் மாதிரி அனுப்புவீர்களா என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். மெயில் எல்லாம் மருமகள் பார்த்துக்கொள்ளும் என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆக, கனெக்‌ஷன் பிழைத்தது. கம்ப்யூட்டரோடு சேர்த்து அதைப் பிரஸ்ஸுக்கு மாற்றினார்கள்; என்னையும் மாற்றினார்கள். மெயில் பார்க்கிறவளே ஆர்டரையும் எழுதட்டும், ஆர்டர் எழுதுகிறவளே கணக்கையும் பார்க்கட்டும் என்றானது. எதற்குப் பயந்து ஓடினேனோ அதே நாற்காலியில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லோரும் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்றார்கள். மாமா குனிந்து பார்த்துவிட்டு, ஒரிஜினலை விட நல்லா இருக்கு என்றார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் புதுச் சட்டை, புது மாப்பிள்ளை, இரண்டாம் தடவை வைத்த ரசம் எதுவானாலும் அந்த ஒரு வாக்கியம்தான்.

பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சிவகாசியில் அசல் இத்தாலிப் பை வைத்திருப்பவள் அநேகமாக நான் மட்டும்தான். அதை நம்ப ஒரு ஆள் கிடையாது. போன ஆவணியில் விருதுநகரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அதே கம்பெனிப் பை வைத்திருந்தாள். சென்னை நடைபாதையில் வாங்கியது என்று ஜிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. என் பையைப் பார்த்துவிட்டு, மனசு நோகக் கூடாதே என்று காதருகே வந்து சொன்னாள்.

"அக்கா, உங்களை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க. எழுத்து இம்புட்டு பளபளன்னு இருந்தா டூப்ளிகேட்டுக்கா."

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமாவுக்குப் பளபளப்பு மட்டும்தான் காதில் விழுந்தது. சாப்பிட்ட கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, இடது கையால் சட்டைப் பையைத் துழாவி, அவளிடம் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார்.