சிக்னல் அக்காவும் பிரேசிலும்

கூலிம் வட்டாரத்தில் சூரியனின் உடல்நிலையைப் பற்றி சொந்தத் தம்பிக்குக் காய்ச்சல் வந்ததுபோலக் கவலைப்பட்ட ஒரே மனுஷி சிக்னல் அக்காதான். எங்கள் தாமான் குடியிருப்பில் மற்றவர்கள் காலையில் எழுந்து வானத்தைப் பார்ப்பது துணி காயப்போடலாமா என்று தெரிந்துகொள்ள. அக்கா பார்ப்பது, சூரியனில் இன்று புள்ளிகள் நிறைய இருக்கின்றனவா என்று. புள்ளி நிறைய இருந்தால் ரேடியோ அலை தூரம் போகுமாம். அன்றைக்கு ஃபேக்டரி பஸ்ஸில் எல்லோருக்கும் குவே பலகாரம் வாங்கிக் கொடுப்பார். புள்ளி குறைந்த நாளில் அவரிடம் பேச்சு கொடுக்காமல் இருப்பது நல்லது.

அவரும் நானும் ஒரே ஃபேக்டரியில் ஒரே ஷிஃப்ட். பக்கத்து பக்கத்து வீடு. அவர் கணவர் எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டுபவர். பேசுவதற்குக் கூலி கேட்கும் அளவுக்கு அமைதியானவர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசி முடித்துவிடுவதால் அவருக்குப் பெரிய சிரமம் ஏதும் இருந்ததில்லை.

அக்காவிடம் ஒரு குட்டி வயர்லெஸ் பெட்டி இருந்தது. சாப்பாட்டு டப்பா அளவுதான். பரீட்சை எழுதி, லைசென்ஸும், அதோடு தரும் எழுத்தும் எண்ணுமான பெயர்க்குறியும் வாங்கி வைத்திருந்தார். வயர்லெஸ் என்றால் மைக்கைப் பிடித்து ஓவர், ஓவர் என்று கத்துவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்கா வாயே திறக்கமாட்டார். பெட்டியை லேப்டாப்போடு இணைத்துவிடுவார். பதினைந்து விநாடிக்கு இது விசிலடிக்கும். அடுத்த பதினைந்து விநாடிக்கு உலகத்தின் எந்த மூலையிலாவது இருக்கும் இன்னொரு பெட்டி பதிலுக்கு விசிலடிக்கும். காதுக்கே எட்டாத விசிலைக்கூட லேப்டாப் எழுத்தாக்கிவிடும். இவர் பெயர்க்குறி அங்கே, அவர் பெயர்க்குறி இங்கே, கிடைத்தது, நன்றி. அவ்வளவுதான் உரையாடல். நாள் முழுக்கப் பேசும் ஒருவர் இதற்கு ஏன் இப்படி அடிமையானார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்த விசிலுக்கு விநாடி சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் அக்காவுக்குத் தப்பான கடிகாரம் கண்ணில் பட்டாலே அரிக்கும். ஃபேக்டரி கேன்டீன் கடிகாரத்தை ஸ்டூல் போட்டு ஏறித் திருத்தினார். கோயில் கடிகாரத்தைத் திருத்தப் போய், அர்ச்சகர் ஐயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஏரியல் கம்பியைத் தூக்கி நிறுத்த ஒரு நீளமான தூண்டில் வேண்டும் என்று கோலா கெடா மீன்பிடித் துறைக்கே போனார். என்ன மீன் பிடிக்க என்று கடைக்காரர் கேட்டதற்கு, போன மாதம் ஜப்பான் மாட்டியது, இனிமேல் பெரிதாகப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் இருப்பதிலேயே தடியான தூண்டிலை எடுத்து நீட்டினாராம்.

எனக்குப் பெண் பார்த்தது யான் என்ற ஊரில். வயல் முடிந்ததும் கடல் தெரியும் வீடு. பரிசத்துக்கு நாள் குறித்தபோது ஒரு சிக்கல் வந்தது. என் அப்பா உயிரோடு இல்லாததால் அம்மா தட்டு வாங்கக் கூடாது என்று பெண்ணின் பெரியப்பா சட்டம் போட்டார். அம்மா நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், என் பையனுக்கு நீதான் தட்டு வாங்க வேண்டும் என்று கேட்டார். எந்த ஊர் என்று அக்கா கேட்டார். யான் என்றதும், வருகிறேன் என்றார். அந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பரிச நாளன்று பட்டுப்புடவையில் வந்தவர், கையில் தூண்டிலும் தோளில் பையுமாகக் காரில் ஏறினார். அன்றைக்குத்தான் விசில் போட்டியாம். ஒரு நாளைக்குள் எத்தனை ஊர், எத்தனை தூரம் பிடிக்கிறோம் என்று உலகமே மோதுமாம். கடலோரத்தில் அலை நன்றாகப் போகும், பொழுது சாயும்போது உலகத்தின் அந்தப் பக்கமே கிடைத்தாலும் கிடைக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே வர, அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பெண் வீட்டில் வாசல் முழுக்க வண்ண லைட் சரம். அக்கா அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அந்த மலிவு லைட்டுகள் ரேடியோவுக்குள் இரைச்சலைக் கொட்டுமாம். கொஞ்ச நேரம் அணைக்கலாமா என்று பெரியப்பாவிடமே கேட்டார். பரிச வீட்டில் விளக்கை அணைப்பதா என்று அவர் பார்த்த பார்வையில் நான் செருப்பைத் தேடினேன். ஏற்கெனவே ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு இப்போது என்ன அவசரம், கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப் போடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா அமைதியாக வயல் வரப்புக்குப் போய்த் தூண்டிலை நட்டுவிட்டு உட்கார்ந்தார். நல்ல நேரத்துக்குள் வந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். சிறிது நேரத்தில் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்து போனார். அவர் வெளியே போனதும் லைட் சரம் அணைந்தது. அதே சுவிட்சில் இருந்த கூடத்து விசிறிகளும் நின்றன.

யார் அணைத்தது என்று கேட்கவே தேவையில்லை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்கு இறங்கினார். போனவர் திரும்பவில்லை. அம்மா என்னை அனுப்பினார்.

போய்ப் பார்த்தால், பெரியப்பா முழங்கால் சேற்றில் நிற்கிறார். இரண்டு கையாலும் தூண்டிலைச் செங்குத்தாகப் பிடித்திருக்கிறார். கடல் காற்றில் கட்டு அவிழ்ந்துவிட்டதாம். கம்பியைத் தொடாமல் தடியை மட்டும் பிடிக்கச் சொல்லி அக்கா உத்தரவு. நான் வாயைத் திறந்தேன்.

"சத்தம் போடாத மாப்ளே," என்றார் பெரியப்பா தாழ்ந்த குரலில். "பிரேசில் வருது."

அவர் என்னை மாப்ளே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிரேசில்காரர் முதலில் வேறு யாருக்கோ பதில் சொன்னார். அக்கா மறுபடி கூப்பிட்டார். பெரியப்பா தூண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று திரையில் அக்காவின் பெயர்க்குறி வந்தது. ஒரு ராத்திரி விளக்குக்குக்கூடப் பத்தாத மின்சாரம் பூமியின் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியப்பா தூண்டிலைப் பிடித்தபடியே அழுதுவிடுவார் போலிருந்தது.

அதற்குப் பிறகு திரை நிறைந்தது. ஒருவர் மாற்றி ஒருவராக அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, வீட்டு வாசலில் அம்மா வந்து நின்றார். கூப்பிடவில்லை. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது.

அக்கா அம்மாவைப் பார்த்தார். திரையை ஒரு தடவை பார்த்தார். பட்டென்று பெட்டியை அணைத்துவிட்டு, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனார். லைட்டைப் போட்டுவிட்டு, அம்மாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, இருவர் கையுமாகத் தட்டை வாங்கினார். ஊரே பெரியப்பாவைப் பார்த்தது. அவரோ தன் காலில் இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் எந்த மாதம் என்ற பேச்சு வந்தபோது பெரியப்பா அக்காவிடம் கேட்டார்.

"ஏம்மா, இந்தச் சூரியன் அடுத்த வருஷமும் இப்படியே இருக்குமா?"

"கொறஞ்சிகிட்டுதாண்ணே போகும். இப்பதான் நல்லாருக்கு."

"அப்ப எதுக்குத் தள்ளிப் போடணும். தைலயே வச்சிருங்க."

இப்படியாகச் சூரியப் புள்ளியை முன்னிட்டு எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

போட்டி முடிவு வந்தபோது அக்காவின் பெயர் அடியிலிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும் இடத்தில் இருந்தது. அதை ஃபேக்டரி பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினார். அன்றைக்கு இறங்கும்போது, அதிசயமாக, அவர் கணவர் என்னிடம் வாய் திறந்தார். அன்று யானில் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தென் அமெரிக்கா பூராவும் கிடைத்திருக்குமாம். அலைக்கு அப்படியொரு வழி திறப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை என்றார்.

அன்று மாலை அக்காவிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"தென் அமெரிக்கா எங்கயும் ஓடிப்போகாது லா. ஒனக்குப் பரிசம் ஒரு தடவதான்." சற்று நிறுத்தி, சந்தேகமாக என்னைப் பார்த்தார். "ஒரு தடவதான தம்பி?"

"ஒரு தடவதாங்க்கா," என்றேன். கம்பியின் மறுமுனையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.