வலமிருந்து இடமாக ஒரு யானைக்கதை

யானை நெல் தின்னும் என்ற உண்மையை அரசாங்கம் எழுபத்தொன்பதாம் ஆண்டளவில் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பும் யானைகள் தின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அதிகாரபூர்வமாகத் தின்றதாகக் கொள்ளப்படவில்லை. ஏற்றுக்கொண்ட கையோடு ஒரு கந்தோர் திறந்தார்கள். அதற்குப் பெயர்ப்பலகை வந்தது, மேசை வந்தது, காற்றாடி வந்தது, கடைசியில் ஓர் உத்தியோகத்தரும் வந்து சேர்ந்தார். யானைவெடி மட்டும் வரவில்லை.

இறக்காமத்துச் சீனிமுகம்மது வெடி கேட்டு அங்கே போனபோது அவருடைய வேளாண்மை குடலை தள்ளி, கதிர் வெளிவரும் பருவத்தில் நின்றது. காட்டை ஒட்டிய வயல். போன போகத்தில் பாதியை யானைக்குக் கொடுத்தாயிற்று. மகள் நபீலாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு சுவரோடு நிற்கிறது. இந்த நெல் வீடு வந்து சேர்ந்தால்தான் கூரை. கூரை ஏறினால்தான் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தரம் வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

உத்தியோகத்தர் பூபாலசிங்கம் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு நட்டம் வந்திராது. அவர் அப்போதுதான் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்திருந்தார். உலகத்துச் சித்திரக்கதைகள் எல்லாவற்றிலும், வெள்ளைக்காரர் குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டின் உருவங்களே மாறுவேடத்தில் நடமாடுகின்றன என்பது அந்த வருடத்து மோஸ்தர். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படும் கதாநாயகன் யார்? பேயன், அதாவது முட்டாள், என்ற சீட்டு. அவனுக்கு வித்தை கொடுக்கும் கிழவன் மந்திரவாதி. கடைசிப் பக்கத்தில் இடிகிற கோட்டை, கோபுரம் என்ற சீட்டு. இவற்றுக்கெல்லாம் தொல்படிமம் என்று பெயர். ஊர் திரும்பும் வழியில் பூபாலசிங்கம் பொத்துவில் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரனிடம் தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்து அந்தச் சீட்டுக்கட்டை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கந்தோருக்கு அவர் நேரத்துக்கு வந்ததில்லை.

“காக்கா, வெடி ஆனையைத்தான் விரட்டும். விழிப்புணர்வு பிரச்சினையையே விரட்டும்” என்றார் அவர், சீனிமுகம்மதுவை அண்ணன் முறை சொல்லி அழைத்து. பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கல்முனையில் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதும் சாலிஹ் அந்தச் சீட்டுகளைப் பார்த்து வரைந்த சித்திரக்கதை. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. தொல்படிமத்துக்கு எழுத்து அவசியமில்லையாம். அது நேரே ஆழ்மனதில் போய் இறங்குமாம். இது குறி பார்ப்பதல்லவா, மார்க்கத்தில் விலக்கப்பட்டதல்லவா என்று பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்காயர்மார் முன்னரே ஆளனுப்பிக் கேட்டிருந்தார்கள். “இது குறியல்ல, குறிபோலத் தோற்றமளிக்கும் அபிவிருத்தி” என்று மேலிடத்திலிருந்து விளக்கம் வந்து அவர்களைச் சாந்தப்படுத்தியது.

சித்திரக்கதையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, திரும்ப வந்து கதையைச் சொல்லவேண்டும். உள்வாங்கியோருக்கு மட்டுமே வெடி வழங்கப்படும். விளங்காதவன் கையில் வெடி கிடைத்தால் ஆபத்து என்பது அதற்குக் காரணம்.

சீனிமுகம்மது மூன்று தரம் பார்த்தார். அடுத்த கிழமை கந்தோரில் போய் நின்று ஒப்புவித்தார்.

“நல்லா விளங்கிட்டு சேர். முதல்ல ஒரு ராசா. நெல்லு மூடையில ஏறிக் குந்திக்கிட்டு இரிக்கான். அவன் கந்தோருக்குப் போறான். அங்க கண்ணாடி போட்ட மந்திரவாதி ஒராள், மேசை நிறையச் சாமானோட இரிக்கார். அவரக் கண்ட பொறகு சக்கரம் சுத்துது, நாளைக்கு வா, நாளண்டைக்கு வா எண்டு. ராசா மரத்துல தலைகீழாத் தொங்கிறான். பொறகு காவல் பரண் விழுது. மௌத்து, சாவுதான் சேர், அரிவாளோட வந்து வயல அறுத்துட்டுப் போகுது. கடைசியா ராசா ஒரு மூட்டையத் தூக்கிக்கிட்டுப் பேயனாப் போறான். பின்னால ஆனை.”

பூபாலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காக்கா, நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து வந்திட்டீங்கள். கதையில பேயன்தான் ராசாவாகிறான்.”

“இந்தக் கந்தோருக்கு வந்தா சேர்?” என்று சீனிமுகம்மது மரியாதையாகக் கேட்டார்.

அவர்மேல் பிழையில்லை. ஓதப்பள்ளியில் குர்ஆனும், அறபு எழுத்தில் எழுதும் அறபுத்தமிழும் படித்த கை அவருடையது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. புத்தகத்தை வலப்புறத்திலிருந்து திறந்துதான் பழக்கம். ஊரில் அவர் வயதுக்காரர் எல்லாரும் அப்படித்தான் திறந்தார்கள், எல்லாருக்கும் ராசா பேயனான கதைதான் கிடைத்தது. அதில் ஒருவருக்கும் ஆச்சரியமும் வரவில்லை. ஊரே உள்வாங்கத் தவறியதாகப் பதியப்பட்டது. வெடி ஒருவருக்கும் இல்லை.

தோல்வியை மறைக்கத் தெரியாத பூபாலசிங்கம் நடந்ததைக் கொழும்புக்கு அறிவித்தார். கொழும்பு துள்ளி எழுந்தது. ஐரோப்பாவிலேயே எவருக்கும் தோன்றாத வாசிப்பு இறக்காமத்தில் தோன்றியிருக்கிறதே! ‘கீழைத்தேய வாசிப்பில் தலைகீழ்த் தொல்படிமங்கள்’ என்று கல்முனையில் இரண்டு நாள் கருத்தரங்கு ஏற்பாடாயிற்று. பிரதான வளவாளர், அதாவது பேச்சாளர், சீனிமுகம்மது. அறிஞர் சபையில் கதை சொன்னால் உள்வாங்கியதாகக் கருதி வெடி வழங்கப்படும் என்று பூபாலசிங்கம் வாக்களித்தார்.

சீனிமுகம்மதுவின் மனைவி றஹீமாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஆனை எந்தப் பக்கத்தால வாசிக்கும் எண்டு அந்த சேருக்கிட்டக் கேட்டீங்களா?” என்றாள். வெடிக்காகத்தான் போகிறேன், ஒரே நாள், விடிந்தால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். அந்த நேரத்தில் அது சத்தியமான வார்த்தைதான்.

முதல்நாள் கதையைச் சொல்லி முடித்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மனிதர் பிறந்ததிலிருந்து அவருக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. வெடிப்பெட்டியையும் அப்போதே கொடுத்துவிட்டார்கள். எடுத்துக்கொண்டு நேரே ஊர் வந்திருக்கலாம். ஆனால் நாளைக்குப் பொன்னாடை என்றார்கள். அறிஞர் ஒருவர் அவருடைய கையைப் பிடித்து, தொங்கும் மனிதனைப்பற்றி இன்னும் கொஞ்சம் விரித்துரைக்க வேண்டும் என்று கெஞ்சினார். கெஞ்சிய கையை எப்படித் தட்டுவது? அவர் தங்கினார், விரித்துரைத்தார்.

மறுநாள் பொன்னாடை பார்க்க இறக்காமத்திலிருந்து ஒரு டிரக்டர் பெட்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். அதில் அன்றைக்கு வயல் வட்டையில் காவல்முறை உள்ளவர்களும் இருந்தார்கள். நம்மூர் ஆளுக்குப் போர்த்துகிறார்கள், பார்க்காமல் இருக்கலாமா? பட்டப்பகலிலேயே யானைகள் இறங்கின. பரண் விழுந்தது. மண்டபத்தில் கோபுரம் என்ற சீட்டைப்பற்றிக் கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது.

சீனிமுகம்மது திரும்பி வந்தபோது றஹீமா வரம்பில் குந்தியிருந்தாள். வயலில் நின்றது சேறு மட்டும்தான்.

“வெடி கொண்டாந்தீங்களா?”

“ஓம். இந்தா.”

“இனி எதப் பாத்து வெடிக்கிற?”

அவர் பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டார். “இஞ்ச பாரு புள்ள, ஆனைய ஆனையா மட்டும் பாக்கப்படா. அது ஒரு தொல்படிமம்.”

றஹீமா வாயைத் திறந்தாள். கொழும்பையும் கல்முனையையும், கண்ணாடி போட்ட சேரையும், தன்னைக் கட்டிக்கொண்டுவந்த மனிதனையும் வஞ்சகமில்லாமல் ஒரே அளவில் ஏசினாள். சுவரோடு நிற்கிற நபீலாவின் வீட்டைச் சொல்லி அழுதாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அது சீனிமுகம்மதுவுக்கும் தெரிந்தது. ஆனால் கைதட்டல் காதை விட்டு இறங்கவில்லை.

அந்தியில் வயலைப் பறிகொடுத்த மற்ற ஆட்களும் வீட்டுக்கு வந்தார்கள். நட்டஈட்டுக்குப் பேச வருகிறார்கள் என்றுதான் றஹீமா நினைத்தாள். அவர்கள் சாகாமத்தில் நடக்கவிருக்கும் அடுத்த கருத்தரங்கைப்பற்றிக் கேட்க வந்திருந்தார்கள். ஒருவர் புத்தகத்தை நடுவிலிருந்து வாசித்திருந்தார். அதற்குப் பொன்னாடை கிடைக்குமா என்பது அவருடைய சந்தேகம். பூபாலசிங்கம் சேருக்கு இதனாலேயே பதவி உயர்வு வருகிறதாம், வரவேற்பில் கொளுத்த அந்த வெடி உதவுமா என்றார் இன்னொருவர். சீனிமுகம்மது பெட்டியை எடுத்துக் கொடுத்தார். எல்லாரையும் சேரிடம் சொல்லி வைப்பதாக வாக்களித்து அனுப்பினார்.

அவர்கள் போனபின் றஹீமா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கொடியில் கிடந்த பொன்னாடையை இழுத்து, கரைச் சரிகையை விரலால் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் தடவினாள்.

“சாகாமத்துல பொம்புளையளும் கதைக்கலாமா?” என்று மெல்லக் கேட்டாள். “எனக்கும் ஒரு வாசிப்பு இரிக்கி.”